வருமுன்னே ஆரவாரம் தகுமா? தகாதா?



போன மாதம் சுவர் இதழில் நான் மழைநீர் சேமிப்பு பற்றி எழுதியிருந்தேன். இந்த மாதமும் அது மாதிரி நல்லதாக ஏதாவது எழுதலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் போன வெள்ளிக்கிழமை இலக்கிய மன்றத்தில் நடந்த பட்டிமன்றத்துக்குப் பிறகு எனக்கு வேற எதுவும் எழுத வரவில்லை. அதில் எங்கள் அணிதான் ஜெயித்தது. ஜெயித்த பிறகும் மனசு சரியில்லை. ஏன் என்று இதில் எழுதுகிறேன்.

தலைப்பு வந்த கதை

எங்கள் வகுப்புப் பையன்கள் கொஞ்ச நாளாக ஒரே பேச்சு. புதுசாக ஒரு துப்பாக்கி கேம் வரப்போகிறதாம். பலபேர் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு செல்போனை வைத்துக்கொண்டு, அணி அணியாகச் சேர்ந்து சுட்டு விளையாடுவது. அதன் பேரை இங்கே எழுதவில்லை. எழுதினால் நானே இலவசமாக விளம்பரம் செய்த மாதிரி ஆகிவிடும்! இடைவேளையில் அதே பேச்சு, சத்துணவு வரிசையில் அதே பேச்சு. இன்னும் வரவே இல்லை, அதற்குள் "செமயா இருக்குடா" என்கிறார்கள். பார்க்காத ஒன்று எப்படி செமயாக இருக்கும் என்று எனக்குப் புரியவில்லை. பிள்ளை பிறக்கும் முன்னே பேர் வைத்த கதைதான்.

தமிழ் டீச்சர் இதைக் கேட்டுவிட்டு, "சரி, இதையே பட்டிமன்றமா வச்சிருவோம்" என்று சொல்லிவிட்டார்கள். தலைப்பு: வரப்போகும் விளையாட்டுக்கு வருமுன்னே இவ்வளவு ஆரவாரம் தகுமா, தகாதா? பையன்கள் எல்லோரும் "தகும்" பக்கம் ஓடிவிட்டார்கள். "தகாது" அணிக்கு என்னைத் தலைவி ஆக்கிவிட்டார்கள். எனக்கு கேம் பற்றி ஒன்றும் தெரியாது. அதனால் வீட்டுக்குப் போய் அண்ணனிடம் கேட்டேன்.

அண்ணன் சொன்னது

என் அண்ணன் இப்போது அப்பாவோடு தோட்ட வேலை பார்க்கிறான். நான் கேட்டதும் சிரித்தான். "என்கிட்டயா கேக்குற? என்னையவே சொல்லு புள்ள, நாந்தான் அதுக்கு உதாரணம்" என்றான். பிறகு 2020-ஆம் ஆண்டு கதையைச் சொன்னான்.

அப்போது நான் நாலாம் வகுப்பு. அண்ணன் ஒன்பதாம் வகுப்பு, அதாவது இப்போது எனக்கு இருக்கிற வயசு அவனுக்கு. கொரோனாவால் 2020 மார்ச்சில் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். பாடம் எல்லாம் கல்வித் தொலைக்காட்சியிலும் செல்போனிலும்தான். அந்த நேரத்தில் பையன்கள் எல்லாம் பப்ஜி விளையாடினார்கள். 2020 ஜூன் 15-ந்தேதி இரவு லடாக்கில் கல்வான் பள்ளத்தாக்கில் சீன வீரர்களோடு மோதல் நடந்து, நம் வீரர்கள் 20 பேர் உயிரிழந்தார்கள். அதில் ஒருவர் நம் தமிழ்நாட்டுக்காரர். ராமநாதபுரம் மாவட்டம் கடுக்கலூரைச் சேர்ந்த ஹவில்தார் பழனி. அதற்குப் பிறகு மத்திய அரசு சீனத் தொடர்புள்ள செயலிகளைத் தடை செய்தது. செப்டம்பர் 2-ந்தேதி தடை செய்த 118 செயலிகளில் பப்ஜியும் ஒன்று.

இரண்டே நாள். செப்டம்பர் 4-ந்தேதி இந்தி நடிகர் அக்‌ஷய் குமார் ஒரு புது விளையாட்டை அறிவித்தார். பேரு ஃபௌஜி. இந்தியில் அதற்குப் படைவீரர் என்று அர்த்தம். பெங்களூரு நிறுவனம் ஒன்று தயாரித்தது. வரும் நிகர வருமானத்தில் 20 சதவீதம் வீரர்களின் குடும்பங்களுக்கு உதவும் 'பாரத் கே வீர்' நிதிக்குப் போகும் என்றார்கள். நாடு முழுக்க ஒரே பரபரப்பு. எங்கள் வீட்டில் அண்ணன் "ஃபௌஜி வருது, ஃபௌஜி வருது" என்று குதிக்க, எங்கள் அப்பத்தாவுக்குக் காது கொஞ்சம் மந்தம், "பஜ்ஜிக்கு எதுக்குடா இந்தக் குதி குதிக்கிற, நாந்தான் போட்டுத் தாரேனே" என்றதாம். இன்றைக்கும் எங்கள் வீட்டில் அதைச் சொல்லிச் சிரிப்போம்.

முதலில் அக்டோபர் என்றார்கள். தசராவுக்கு ஒரு சின்ன வீடியோ வெளியிட்டு நவம்பர் என்றார்கள். நவம்பர் முடியும்போது கேம் வரவில்லை, பேர் பதிவுதான் வந்தது. 24 மணி நேரத்துக்குள் 10 லட்சம் பேருக்கு மேல் பதிவு செய்தார்கள். அதில் எங்கள் பேத்துப்பாறையிலிருந்து ஐந்து பேர்! அண்ணனும் அவன் கூட்டாளிகள் நாலு பேரும். கடைசியில் 2021 ஜனவரி 26, குடியரசு தினத்தன்றுதான் கேம் வந்தது. அறிவித்த நாளிலிருந்து கணக்குப் போட்டால் 144 நாள்.

அன்றைக்கு நடந்தது

எங்கள் தெருவில் டவர் சரியாகக் கிடைக்காது. தோட்டத்துக்கு மேலே ஒரு பாறை உண்டு, அதில் ஏறி நின்றால்தான் கிடைக்கும். ஐந்து பேரும் தினமும் சாயங்காலம் அங்கேதான் உட்கார்ந்து, கேம் எப்ப வரும், யார் எந்தத் துப்பாக்கி எடுப்பது, யார் முன்னே போவது, யார் பின்னே காவல் என்று பேசுவார்களாம். ஆறு மணிக்கு மேல் அங்கே இருக்கக் கூடாது. நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும், யானை இறங்குகிற வழி. அண்ணன் இருட்டும்வரை வராவிட்டால் அப்பா டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு கத்திக்கொண்டே போவார்.

ஜனவரி 26 அன்று வெள்ளென போய் உட்கார்ந்து, அப்பா போனில் இருந்த அன்றைய நெட் முழுக்கக் காலி ஆகும்வரை இறக்கி, திறந்து பார்த்தார்கள். அணியாகச் சேர்ந்து விளையாடும் பகுதி இல்லை. 'விரைவில் வரும்' என்று போட்டிருந்தது. ஒற்றை ஆளாக விளையாடும் கல்வான் கதை மட்டும்தான். அதிலும் துப்பாக்கி இல்லை. கையாலும் கட்டையாலும்தான் சண்டை. உயிர் குறைந்தால் வழியில் எரியும் நெருப்புக்குப் பக்கத்தில் போய் நிற்க வேண்டும், உயிர் ஏறும். "குளிருக்கு நெருப்புக் காயுறதத்தான் நாங்க தினமும் வீட்டுல செய்யுறோமே, அதுக்காடா 144 நாளு காத்திருந்தோம்" என்று ஒருத்தன் சொன்னானாம்.

அவர்கள் மட்டும் ஏமாறவில்லை. நாடு முழுக்க விளையாடியவர்கள் திட்டித் தீர்த்து, முதல் வாரத்திலேயே அதன் மதிப்பெண் 5 நட்சத்திரத்தில் ஏறக்குறைய 3-க்கு இறங்கிவிட்டது.

மேடையில் நான் பேசியது

இதை எல்லாம் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன். இன்னும் இரண்டு உதாரணமும் அண்ணன் கொடுத்தான். 2022 பிப்ரவரியில் தடை செய்யப்பட்ட ஃப்ரீ ஃபயர் கேம், 'ஃப்ரீ ஃபயர் இந்தியா' என்ற பெயரில் 2023 செப்டம்பர் 5-ந்தேதி வருகிறது என்று அறிவித்தார்கள். நம்ம 'தல' தோனிதான் அதற்கு விளம்பரத் தூதர். எவ்வளவு ஆரவாரம்! செப்டம்பர் 4-ந்தேதி, சில வாரம் தள்ளிப் போகிறது என்று சொல்லிவிட்டார்கள். மேடையில் நான், "செப்டம்பர் 5 அன்று சொன்னபடி வந்தது ஆசிரியர் தினம் மட்டும்தான்" என்றேன். டீச்சர்கள் எல்லோரும் கைதட்டினார்கள். அடுத்து, புனேயில் தயாரித்த இண்டஸ் என்ற விளையாட்டு. 2023 தொடக்கத்திலேயே பேர் பதிவு ஆரம்பித்து ஒரு கோடிப் பேருக்கு மேல் பதிந்தார்கள். அது முழுசாக வந்தது 2024 அக்டோபர் 16-ந்தேதி. அதற்குள் எட்டாம் வகுப்புப் பையன் பத்தாம் வகுப்புக்கு வந்திருப்பான்.

பிறகு என் முக்கியமான பாயிண்டைச் சொன்னேன். நம் ஊரில் பட்டர் புரூட் மரத்தைப் பூவிலேயே வியாபாரி வந்து பேசி அட்வான்ஸ் கொடுத்துவிடுவார். பூவில் பேசிய விலை வேறு, காயில் தெரிகிற மகசூல் வேறு. காற்று அடித்தால் பூ கொட்டும், யானை வந்தால் மரமே போகும். அது தெரிந்துதான் அவரும் பார்த்துப் பேசுகிறார். அப்பா சொல்வார், "பூவப் பார்த்து யாரும் கணக்கு முடிக்க மாட்டாங்க" என்று. கேமுக்கு நாம் செய்யும் ஆரவாரமும் பூவில் கொடுக்கும் அட்வான்ஸ்தான். ஆனால் ஒரு வித்தியாசம். தோட்டத்தில் வியாபாரி நமக்கு அட்வான்ஸ் தருகிறார். இங்கே நாம் வியாபாரிக்கு அட்வான்ஸ் தருகிறோம். காசாக இல்லை. நம் பேரு, நம் நேரம், நம் தூக்கம்.

எதிரணியும் நன்றாகத்தான் பேசினார்கள். அதையும் எழுதாவிட்டால் நியாயம் இல்லை. பப்ஜிக்குப் பதிலாக நம் நாட்டுக்கென்று 'பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா' 2021 ஜூலை 2-ந்தேதி வந்தபோது ஆரவாரத்துக்கு ஏற்ற மாதிரியே இருந்தது, கோடிக்கணக்கில் விளையாடினார்கள், 2022 ஜூலையில் நிறுத்தப்பட்டு 2023 மே மாதம் திரும்பி வந்தபோதும் மக்கள் காத்திருந்தார்கள் என்று ஒரு பையன் சொன்னான். 2023-இல் சீனாவில் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் மின்விளையாட்டுக்கும் பதக்கம் கொடுத்தார்கள், பப்ஜியும் அதில் ஒன்று என்றான். "படத்துக்கு முதல் நாள் முதல் காட்சிக்குக் காத்திருந்தா தப்பில்ல, கேமுக்குக் காத்திருந்தா மட்டும் தப்பா?" என்று இன்னொருத்தன் கேட்டான். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

பதில் இல்லாததால் நான் ஒரு வேலை செய்தேன். அண்ணன் கதையை எடுத்துவிட்டேன். "நம்ம ஊர்லயே ஒரு அண்ணன் இருந்தாரு, ஊரடங்குல 144 போட்டாங்க, அவரு ஒரு கேமுக்காகப் பாறை மேல 144 நாள் தவம் இருந்தாரு, கடைசில வரம் என்ன கிடைச்சுச்சு தெரியுமா, நெருப்புக் காயுற வரம்" என்று நடித்தே காட்டினேன். மன்றமே சிரித்தது. பேர் சொல்லவில்லை. ஆனால் பேத்துப்பாறை எவ்வளவு பெரிய ஊர்? எல்லோருக்கும் யார் என்று தெரிந்துவிட்டது. நடுவர் "தகாது" என்று தீர்ப்புச் சொன்னார்.

அன்று ராத்திரி

நான் வீட்டுக்கு வருவதற்கு முன்னாலேயே செய்தி வந்துவிட்டது. அண்ணன் பால் வாங்கப் போன இடத்தில் சின்னப் பையன்கள் "தவம் அண்ணே, வரம் அண்ணே" என்று கூப்பிட்டிருக்கிறார்கள். அவன் என்னைத் திட்டவில்லை. சாப்பிட்டுவிட்டு அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். நான்தான் போய், "அண்ணே, நீதான சொல்லச் சொன்ன" என்றேன்.

"சொல்லச் சொன்னேன். ஆனா நீ பாதிதான் சொன்ன" என்றான்.

மீதியை அப்போதுதான் சொன்னான். 2021 பிப்ரவரி 8-ந்தேதி ஒன்பதாம் வகுப்புக்குப் பள்ளிக்கூடம் திறந்தார்கள். அந்த ஐந்து பேரில் மூன்று பேர்தான் போனார்கள். ஒருத்தன் திருப்பூருக்கு பனியன் வேலைக்குப் போய்விட்டான். ஒருத்தன் அவங்க மாமாவோடு லாரியில் போய்விட்டான். ஊரடங்கில் வீட்டில் வருமானம் இல்லை, அவர்கள் என்ன செய்வார்கள்? கேமில் 'விரைவில் வரும்' என்று போட்டிருந்த அணி விளையாட்டு அதே 2021 நடுவில் வந்தது. ஒரு அணிக்கு ஐந்து பேர். சரியாக ஐந்து பேர்!

"வந்துருச்சுன்னு பார்த்தேன். டீம் போடச் சொல்லிக் கேட்டுச்சு. யாரப் போடுறது? நான் அத அழிச்சுட்டேன்" என்றான்.

நான் ஒன்றும் பேசவில்லை.

"கேமு ஏமாத்துச்சுன்னு நீ சொன்னது சரிதான். ஆனா அந்த நாலு மாசந்தான் நாங்க அஞ்சு பேரும் ஒண்ணா இருந்தது. பள்ளிக்கூடம் இல்ல, வேல இல்ல, எங்க பார்த்தாலும் செத்துப் போனாங்கன்னு சேதி. நாளைக்கு ஒண்ணு வரப்போகுதுன்னு நினைக்க எங்ககிட்ட அது ஒண்ணுதான் இருந்துச்சு. அதப் போயி சிரிப்பா சிரிக்க வச்சிட்டியே புள்ள."

இன்னொன்றும் சொன்னான். "துப்பாக்கி இல்லன்னு நாங்க எல்லாரும் திட்டினோம். நெசத்துலயும் அன்னைக்குத் துப்பாக்கி இல்லதான?" மறுநாள் சமூக அறிவியல் சாரிடம் கேட்டேன். ஆமாம் என்றார். எல்லைக் கோட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் துப்பாக்கியால் சுடக் கூடாது என்று 1996-இல் இந்தியாவும் சீனாவும் ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். கல்வானில் நடந்தது கல்லாலும் கட்டையாலும்தான். ஹவில்தார் பழனி போன்றவர்கள் அந்தக் குளிரில் அப்படித்தான் சண்டை போட்டு உயிரைக் கொடுத்தார்கள். அந்த ஒரு விஷயத்தில் கேம் உள்ளதைத்தான் காட்டியது. ஆனால் ஆரவாரம் பையன்களை பப்ஜிக்குப் பதில் பப்ஜி என்று நினைக்க வைத்துவிட்டது. அதனால் இருந்ததை யாரும் பார்க்கவில்லை. இல்லாததைத்தான் பார்த்தார்கள். ஆரவாரம் விளையாடுகிறவனை மட்டும் கெடுக்கவில்லை, விளையாட்டையும் கெடுத்துவிட்டது.

என் தீர்ப்பு

நடுவர் தீர்ப்புக்கு மேல் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் நான் பேசாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

வராத விளையாட்டுக்கு விளம்பரக்காரர்கள் செய்யும் ஆரவாரம் தகாது. அதில் நான் இன்னும் மாறவில்லை. பூவைக் காட்டி காய் விலை சொல்வது தப்பு. ஆனால் காத்திருக்கிற பையன்களைப் பார்த்துச் சிரிப்பதும் தகாது. எல்லோருக்கும் நாளைக்கு என்று ஒன்று வேண்டியிருக்கிறது. அப்பா மழைக்குக் காத்திருக்கிறார். அப்பத்தா பழனி தைப்பூசத்துக்குக் காத்திருக்கிறது. நான் பரீட்சை லீவுக்குக் காத்திருக்கிறேன். காத்திருப்பது தப்பில்லை. யாரோடு உட்கார்ந்து காத்திருக்கிறோம் என்பதை மறந்துவிட்டு, எதற்குக் காத்திருக்கிறோம் என்பதை மட்டும் பார்த்தால்தான் ஏமாற்றம். முதல் நாள் முதல் காட்சி பற்றிக் கேட்ட பையனுக்கு இதுதான் என் பதில். மேடையில் தோன்றவில்லை. இப்போதுதான் தோன்றுகிறது.

அதனால் எங்கள் வகுப்புப் பையன்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் கேம் வரட்டும். வந்த அன்றைக்கே குதிக்காமல் ஒரு வாரம் பொறுத்து, விளையாடியவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேளுங்கள். முதல் நாளில் என்ன இருக்கிறது, என்ன 'விரைவில் வரும்' என்று பிரித்துப் பாருங்கள். வீட்டுக்காரர் போனில் பணம் கட்டுவதாக இருந்தால் முதலில் அவர்களிடம் சொல்லுங்கள். இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்துவிடுங்கள், யானைக்கு உங்கள் கேம் தெரியாது. முக்கியமாக, இப்போது உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற நாலு பேரையும் நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். அதில் எவனாவது பள்ளிக்கூடத்துக்கு வராமல் நின்றால் முதலில் போய் அவன் வீட்டில் கேளுங்கள். டீச்சரிடம் சொல்லுங்கள்.

கடைசியாக, என் அண்ணனிடம் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்கிறேன். எல்லோர் முன்னாலும்தான் சிரிக்க வைத்தேன், அதனால் எல்லோர் முன்னாலும்தான் கேட்க வேண்டும். அவனை "தவம் அண்ணே" என்று கூப்பிடுகிற ஐந்தாம் வகுப்புப் பொடியன்களே, இதைப் படித்த பிறகு தயவுசெய்து நிறுத்திக்கொள்ளுங்கள்.

இதை ஒட்டுவதற்கு முன் அண்ணனிடம் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "ரெண்டு இடத்துல ஒற்று விட்டுருக்க பாரு" என்றான். பிறகு அப்பா போனை வாங்கி வெளியே போனான். ரொம்ப நேரம் கழித்து வந்து, திருப்பூரில் இருக்கிறவன் பொங்கலுக்கு ஊருக்கு வருகிறான் என்று சொன்னான்.

இதில் பிழை இருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி,
பேத்துப்பாறை.